முள்ளம்பன்றி தோண்டிய ஊற்று

ஒரு காட்டில், மலையடிவாரத்தில் ஒரே ஒரு குட்டை இருந்தது. காட்டுப்பன்றி அதில்தான் புரளும். கரடி அதில்தான் கால் கழுவும். குரங்கு கடித்துப்போட்ட பழமெல்லாம் அதில்தான் விழும். பிறகு எல்லா விலங்குகளும் அதே தண்ணீரைக் குடிக்கும்.

கோடை வந்ததும் குட்டை வற்றிப் பாசியாய்க் குழம்பியது. மான்குட்டிக்கு வயிற்றுப்போக்கு. முயல்குட்டிகளுக்கும் அதே பாடு. முள்ளம்பன்றியின் ஒரே குட்டியோ எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் சுருண்டு கிடந்தது.

முள்ளம்பன்றி எல்லாரையும் கூப்பிட்டது. "இந்தத் தண்ணீர்தான் பிள்ளைகளைப் படுக்கவைக்கிறது. காய்ந்த ஓடையில் மணலுக்கடியில் நல்ல ஊற்று இருக்கிறது. எல்லாரும் வந்தால் இன்றைக்கே தோண்டிவிடலாம்" என்றது.

"அருமையான யோசனை! நீ போய் ஆரம்பி, நான் பின்னாலேயே வருகிறேன்" என்றது கரடி.

"எனக்கு இடுப்பு வலி" என்றது காட்டுப்பன்றி.

"நான் மரத்தில் இருக்கிறவன் அக்கா. மண் வேலை எனக்கு வராது" என்றது குரங்கு.

மயில் தோகையைக் கோதிக்கொண்டிருந்தது.

பின்னாலேயே வருவதாகச் சொன்ன கரடி வரவே இல்லை. முள்ளம்பன்றி தனியாகத் தோண்டியது. நகம் தேய்ந்தது, கண்ணெல்லாம் மணல். கடைசியில் குளிர்ந்த தண்ணீர் சுரந்தது. அதைக் குடித்துக் குட்டி மெல்லத் தேறி எழுந்து நடந்தது.

சேதி பரவியதும் எல்லாம் ஓடிவந்தன. இப்போது யாருக்கும் இடுப்பு வலி இல்லை.

"இதற்கு ஒரு திறப்பு விழா வைக்காவிட்டால் காட்டுக்கே அவமானம்!" என்றது மயில். அது ஊற்றின் விளிம்பில் ஏறி ஆடத் தொடங்கியது. கரடி முன்னே வந்து, "நாம் எல்லாரும் பாடுபட்டு உண்டாக்கிய இந்த ஊற்று..." என்று பேச ஆரம்பித்தது.

முள்ளம்பன்றிக்கு உடம்பு முழுக்க முள் சிலிர்த்தது. ஆனாலும் கோபத்தை அடக்கிக்கொண்டு, "விளிம்பில் நிற்காதீர்கள், மணல் சரியும்! தள்ளி நில்லுங்கள்!" என்று கத்தியது.

யார் காதில் விழுந்தது? மயிலாட்டம் பார்க்கக் காட்டுப்பன்றி முட்டித் தள்ளிக்கொண்டு முன்னே வந்தது. பொலபொலவென்று மணல் சரிந்தது. ஊற்று மூடிப்போயிற்று.

"என்ன தோண்டினாய் நீ? கொஞ்சமும் உறுதியில்லையே!" என்றது கரடி.

"அடுத்த தடவையாவது பார்த்துத் தோண்டு அக்கா" என்றது குரங்கு.

முள்ளம்பன்றி குட்டியை அழைத்துக்கொண்டு வளைக்குப் போய்விட்டது.

மறுநாள் காட்டுப்பன்றி வளை வாசலில் நின்று, "எப்போது தோண்டப் போகிறாய்?" என்று கேட்டது. பிறகு மயில் வந்து கேட்டது. குரங்கு மரத்திலிருந்தே கேட்டது.

'நம் குட்டிக்கு மட்டும் ஒரு சின்னக் குழி தோண்டிக்கொண்டால் என்ன?' என்று முள்ளம்பன்றி நினைத்தது. அப்போது மான்குட்டி தள்ளாடித் தள்ளாடிக் குட்டைப் பக்கம் போவது கண்ணில் பட்டது. முள்ளம்பன்றி பெருமூச்சு விட்டு வெளியே வந்தது. நேரே ஓடைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில், முட்களை விரித்துக் குறுக்கே உட்கார்ந்து எல்லாரையும் கூப்பிட்டது.

"தோண்டுகிறேன். ஆனால் மணல் சரியாதிருக்கச் சுற்றிலும் கல் வேண்டும். கல் மலைமேல்தான் இருக்கிறது. குடிக்கிறவர் ஆளுக்கொரு கல் கொண்டுவர வேண்டும். வெறுங்கையோடு வருகிறவர் என் முட்களைத் தாண்டிப் போகட்டும்!"

"என் கல்லையும் காட்டுப்பன்றியே கொண்டுவரட்டுமே" என்றது கரடி.

"சரி. உன் தண்ணீரையும் அதுவே குடிக்கட்டும்."

கரடி முணுமுணுத்துக்கொண்டே மலையேறியது. தாகம் யாரைத்தான் விட்டது? காட்டுப்பன்றி மூக்கால் உருட்டிவந்த கல் பாதி வழியில் நழுவி அதன் காலையே நசுக்கியது. நொண்டிக்கொண்டே மீண்டும் உருட்டியது. குரங்கு ஒரு கல்லைக் கட்டிப்பிடித்தபடி சறுக்கிச் சறுக்கி இறங்கியது. மான் நெற்றியால் தள்ளியது. மயில்கூடக் காலால் எத்தி எத்தி ஒரு கூழாங்கல்லைக் கொண்டுவந்து சேர்த்தது. கல் சுமந்த களைப்பில் காத்திருக்கப் பொறுக்காமல் கரடியும் மணலில் இறங்கித் தோண்டியது. தண்ணீர் வந்தது. சுற்றிலும் கல்லை அடுக்கினார்கள்.

மறுநாள் காலையில் ஓடைப் பக்கம் ஒரே கூச்சல். 'மறுபடியும் கெடுத்துவிட்டார்களா!' என்று முள்ளம்பன்றி பதறி ஓடியது. திட்ட வேண்டிய சொற்களையெல்லாம் வழியிலேயே சேர்த்துக்கொண்டது.

அங்கே குரங்கு ஒரு கல்மேல் உட்கார்ந்து வாலைத் தண்ணீரில் விடப் போனது. காட்டுப்பன்றி அதன்மேல் பாய்ந்துகொண்டிருந்தது.

"இறங்கு கீழே! அந்தக் கல்லை நான் எப்படிக் கொண்டுவந்தேன் தெரியுமா? என் கால் இன்னும் வீங்கியிருக்கிறது! வால் கழுவக் குட்டைக்குப் போ!"

"நீதானே குட்டையில் புரள்கிறவன்? எனக்கு நீ புத்தி சொல்கிறாயா?"

"அங்கே புரள்வேன். இங்கே நானும் கால் வைக்க மாட்டேன், உன்னையும் விட மாட்டேன்!"

அந்தப் பக்கம் கரடி, இறகை உதறிய மயிலை விரட்டிக்கொண்டிருந்தது.

முள்ளம்பன்றி சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றது. திட்டுவதற்கு யாரும் மிச்சமில்லை. குட்டியோடு வயிறாரத் தண்ணீர் குடித்தது. வளைக்குப் போய்ப் படுத்து நிம்மதியாகத் தூங்கியது.

நீதி: பொதுவான ஒன்றில் நம் உழைப்பும் சேர்ந்திருந்தால்தான், அதைக் காக்கும் அக்கறை நமக்கு வரும்.