சிகிச்சைக்குப் பின் எடுத்த படம்

தெற்கே ஒரு ஊரில் அரசு மருத்துவமனை. வெந்துபோன முகங்களைச் சீரமைக்கும் பிரிவுக்கு அங்கே தலைவர் டாக்டர் ஜெசிந்தா. அவரிடம் படித்தவர்களில் அவரைவிட வயதில் மூத்தவர் இசக்கியப்பன் ஒருவர்தான். கிராமத்து சுகாதார நிலையங்களில் பல வருஷம் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து கொடுத்துவிட்டு, தலை நரைக்கத் தொடங்கிய பிறகு பிளாஸ்டிக் சர்ஜரி படிக்க வந்தவர். படிப்பு முடிந்து அதே பிரிவில் வேலைக்குச் சேர்ந்த பின்னும் ஜெசிந்தாவை "மேடம்" என்றுதான் கூப்பிடுவார். அவரும் இவரை மரியாதையாக "டாக்டர்" என்பார்.

ஒரு மத்தியானம் இசக்கியப்பன் அவருடைய அறைக்கு வந்தார். கோர்ட்டிலிருந்து நேராக வந்திருந்தார். சாப்பிடவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"என் ஆராய்ச்சி பொய்யில்ல. செல்லக்கனி கன்னம் இளகினது நிஜம். நீங்களே தொட்டுப் பாத்தீங்க. அப்புறம் எங்க மேடம் தப்பு நடந்துச்சு?"

"முதல்லேருந்து சொல்லுங்க."

தெரிந்த கதையைத்தான் கேட்கிறார் என்று இசக்கியப்பனுக்குப் புரிந்தது. இருந்தாலும் சொன்னார்.

செல்லக்கனி பஸ் ஸ்டாண்டு பக்கம் வடைக்கடை போட்டிருந்தவள். ஒரு சாயங்காலம் புருஷன் வந்து, கடையை மூடிவிட்டு உடனே கிளம்பு என்றான். ஆள் நிற்கிறது, இன்னும் ஒரு ஈடு போட்டு எடுத்துவிட்டு வருகிறேன் என்றாள். சட்டியில் காய்ந்துகொண்டிருந்த எண்ணெயை அப்படியே முகத்தில் ஊற்றிவிட்டான். அவள் எதிர்த்துக்கூடப் பேசவில்லை. ஒரு ஈடு வடை, அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

இடது கன்னம் முழுக்க வெந்து, கீழ் இமை தொங்கி, வாயோரம் கழுத்தோடு இழுத்துக்கொண்டது. ஜெசிந்தா தொடைத் தோலை எடுத்து வைத்து இமையையும் வாயையும் விடுவித்தார். கண்ணை மூடித் தூங்க முடிந்தது. சோறு ஒழுகாமல் சாப்பிட முடிந்தது. கன்னம் மட்டும் பழைய செருப்பு மாதிரி விறைத்துக் கிடந்தது.

இசக்கியப்பனின் ஆராய்ச்சி அங்கேதான் தொடங்கியது. வயிற்றிலிருந்து கொஞ்சம் கொழுப்பை உறிஞ்சி எடுத்து, சுத்தம் செய்து, மெல்லிய ஊசியால் தழும்புக்கு அடியில் செலுத்துவது. கொழுப்போடு வரும் செல்கள் தழும்பை உள்ளிருந்து இளக்குகின்றன என்று இப்போது பல நாடுகளில் எழுதுகிறார்கள். காசுள்ளவர்கள் அதை முகச்சுருக்கம் போக்கப் போட்டுக்கொள்கிறார்கள். இவர் அதை வடைக்காரிக்குப் போட்டுப் பார்த்தார். சில மாதங்களில் கன்னம் விரலுக்கு இசைந்து கொடுத்தது. சந்தோஷம் தாங்காமல் வார்டு முழுக்க மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் அந்த இளக்கம் விரலுக்குத்தான் தெரிந்தது. கேமராவுக்குத் தெரியவில்லை. படத்தில் பார்த்தால் அதே தழும்பு, அதே நிறம். மாநாட்டுக்கு வருகிற டாக்டர்கள் செல்லக்கனியின் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கப் போகிறார்களா என்ன? முன், பின் என்று இரண்டு படங்களைத் திரையில் காட்ட வேண்டும், கூட்டம் கைதட்ட வேண்டும். நடுவில் என்ன நடந்தது என்று எவனும் கேட்பதில்லை.

படம் எடுக்க அந்தப் பிரிவில் கறாரான வழக்கம் ஒன்று இருந்தது. முன் படத்துக்கும் பின் படத்துக்கும் அதே சுவர், அதே விளக்கு, அதே தூரம். பவுடர் கூடாது. சிரிக்கக் கூடாது. சிரித்தால் தழும்பு ஒளிந்துகொள்ளும் என்பது ஜெசிந்தாவின் கட்சி.

"படம் எடுத்த அன்னிக்கு நான் லீவு" என்றார் ஜெசிந்தா.

"ஆமா மேடம்."

"என்ன செஞ்சீங்க?"

"ஜன்னல் பக்கம் திரும்பி உக்காரச் சொன்னேன். சிஸ்டர் லேசா பவுடர் போட்டுவிட்டாங்க."

"அப்புறம்?"

"சிரிம்மான்னேன்."

செல்லக்கனி சிரித்தாள். "போதுமா சார்?" என்று கேட்டாள். இன்னும் கொஞ்சம் என்றார். இன்னும் கொஞ்சம் சிரித்தாள். வலிக்கிறதா என்று இவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மாநாட்டில் முதல் பரிசு கிடைத்தது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். உன் படத்தைப் போடலாமா என்று இசக்கியப்பன் செல்லக்கனியைக் கேட்டதற்கு, "நீங்க சொன்னாச் சரி சார்" என்றாள். வடைக்கடைப் பெண்ணுக்குப் புது முகம் என்று பெரிதாகப் போட்டார்கள். ஒரு வருஷத்தில் தழும்பு இருந்த இடமே தெரியாது என்று இசக்கியப்பன் பேட்டி கொடுத்திருந்தார். அது அவருக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. ஆனாலும் சம்பந்தி வீடு வரை அந்தப் பக்கத்தை அனுப்பிவைத்தார்.

அதைச் செல்லக்கனியின் புருஷனுக்காக வாதாடிய வக்கீலும் படித்திருந்தார்.

செல்லக்கனியின் புருஷன் சில மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருந்தான். அவள் அக்கா வீட்டில் இருந்தாள். முகம் நிரந்தரமாகச் சிதைந்தது என்று நிரூபணமானால் அவனுக்குப் பல வருஷம் கிடைக்கும். அந்த வருஷங்களை நம்பித்தான் மறுபடியும் கடை போடுவதாக அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். இல்லாவிட்டால் லேசான தண்டனையோடு அவன் வீடு திரும்பிவிடுவான்.

இசக்கியப்பனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். வக்கீல் பத்திரிகையை விரித்துக் காட்டினார்.

"இந்தப் படம் நீங்க எடுத்ததுதானே டாக்டர்?"

"ஆமா."

"ஒரு வருஷத்துல தழும்பே தெரியாதுன்னு சொல்லியிருக்கீங்க. உண்மைதானே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். இது ஜன்னல் வெளிச்சம், இது பவுடர், இந்தச் சிரிப்பு நான் கேட்டு வாங்கியது, தோல் இளகும், ஆனால் தழும்பு சாகும்வரை இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் பரிசு போய்விடும், ஆராய்ச்சியைச் சந்தேகிப்பார்கள், படித்தவர்கள் மத்தியில் தலைகாட்ட முடியாது. எதிரே செல்லக்கனி முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உண்மைதான்" என்றார்.

வெட்கங்கெட்ட பதில். சொல்லி முடிக்கும்போதே அது அவருக்குத் தெரிந்தது.

இன்று காலை தீர்ப்பு. நிரந்தரச் சிதைவு நிரூபணமாகவில்லை. ஏற்கெனவே ஜெயிலில் இருந்த காலமே போதும் என்று அவனை விட்டுவிட்டார்கள்.

"இதோட முடிஞ்சிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும் மேடம்" என்றார் இசக்கியப்பன்.

"வேற என்ன?"

"கோர்ட் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். அவன் பைக்கைக் கொண்டுவந்து அவ பக்கத்துல நிறுத்தினான். 'ஏறு'ன்னான். வேற ஒரு வார்த்தை பேசல. அவ அக்கா கையைப் பிடிச்சு இழுத்தாங்க, அழுதாங்க. கையை விடுவிச்சுக்கிட்டு ஏறி உக்காந்துட்டா."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"ஓடிப்போய் மறிச்சேன். எதுக்கும்மா போற, இறங்குன்னேன். 'இருக்கட்டும் சார், இனி அவுக ஒண்ணுஞ் செய்யமாட்டாக'ன்னா."

"எப்படிச் சொன்னா?"

இசக்கியப்பன் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சிரிச்சுக்கிட்டே."

ஜெசிந்தா எழுந்து அலமாரியைத் திறந்தார். பிரிவின் கேமராவை எடுத்துக்கொண்டு, "வாங்க" என்று பக்கத்து அறைக்கு நடந்தார். படம் எடுக்கும் அறை அது. சாம்பல் நிறச் சுவர், அதற்கு முன்னால் ஒரு ஸ்டூல். எத்தனையோ பேரை இசக்கியப்பன் அதில் உட்காரவைத்திருக்கிறார். தான் உட்கார்ந்தது இல்லை.

"உக்காருங்க."

உட்கார்ந்தார். ஜெசிந்தா விளக்கைப் போட்டு, கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்.

"சிரிங்க டாக்டர்."

"மேடம்?"

"சிரிங்க."

உதட்டை இழுத்துப் பார்த்தார். ஏதோ பல்வலிக்காரன் முகம் போல அவருக்கே தோன்றியது. விட்டுவிட்டார்.

"வரல மேடம்."

"இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணுங்க."

"இருக்கற மனநிலையில எப்படிச் சிரிக்கறது?"

"நான் உங்க டிபார்ட்மென்ட் தலைவி. நான் சொல்றேன். சிரிங்க."

இசக்கியப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஜெசிந்தாவிடம் அவர் குரலை உயர்த்தியதே இல்லை. ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார்.

"முடியாது மேடம். யார் சொன்னாலும் முடியாது. பரிகாசம் பண்றதுக்கு இதுதானா நேரம்?"

ஜெசிந்தா கேமராவைக் கீழே இறக்கினார். அவர் முகத்தில் பரிகாசம் இல்லை.

"உங்களுக்கு முடியாதுன்னு சொல்ல வருது" என்றார். "ஒண்ணும் ஆகாதுன்னு தைரியம் இருக்கு, சொல்லிட்டீங்க."

ஜெசிந்தா கேமராவை அந்த ஸ்டூல் மேல் வைத்தார்.

"முடியாதுன்னு சொன்னா என்ன கிடைக்கும்னு அவ முகத்துலயே இருந்துச்சே டாக்டர். அதைப் பாத்துக்கிட்டேதானே சிரிக்கச் சொன்னீங்க?"