மூடிய ரெஜிஸ்டர்

"நோட்ஸைப் பத்துத் தடவை வாசிங்க. தானா மண்டையில ஏறும்!" என்று வகுப்பில் முழங்கினார் வேதியியல் பேராசிரியர் ஞானசிகாமணி.

ரெக்கார்டு நோட்டுகளை மேஜையில் அடுக்கிக்கொண்டிருந்த லேப் அட்டெண்டர் செண்பகவல்லிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன சிரிப்பு? வேற வழி தெரிஞ்சா சொல்லு. இல்லேன்னா நாளையிலிருந்து உனக்கு ஸ்டோர் ரூம்தான்!"

"ஆறு மாசமா தினமும் அட்டெண்டன்ஸ் வாசிக்கிறீங்களே சார், ரெஜிஸ்டரை மூடிட்டு ஐம்பது பேரையும் கூப்பிடுங்க, பார்க்கலாம்."

மூன்றாவது பெயரிலேயே அவருக்கு வியர்த்துவிட்டது. அவளோ ஐம்பதையும் கடகடவென்று ஒப்பித்தாள். மாணவர்கள் தட்டிய தட்டில் பெஞ்சுகள் அதிர்ந்தன.

"எப்படிம்மா?"

"ரெக்கார்டு நோட்டு வாங்க வர்றவங்க பேரை முதல்ல நானே யோசிச்சுச் சொல்வேன் சார். அப்புறம்தான் அட்டையைப் பார்ப்பேன்."

மறுநாள் அவர் ரெஜிஸ்டரை மூடிவைத்துக் கூப்பிட ஆரம்பித்தார். ஏழாவது பெயரில் திணறி, மெல்ல அதைத் திறக்கப் போனார்.

செண்பகவல்லி அதன்மேல் கையை வைத்தாள். "யோசிங்க சார், தானா மண்டையில ஏறும்!"