கண் மங்கி, காது தெளிந்த படம்

புகைப்பட வகுப்பு நடத்தும் எமிலியா டீச்சரிடம் பழைய லென்ஸ் ஒன்று இருந்தது. முகங்களை எடுப்பதற்கென்றே செய்யப்பட்டது. மாணவர்கள் அதை முறைவைத்து வாங்கிச் சென்று, தத்தம் பழைய கேமராக்களில் பொருத்திப் படம் எடுப்பார்கள்.

தளவாய் தம் முறை முடிந்து வந்தார். ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர். டீச்சரைவிட வயதில் மூத்த மாணவர். பேத்தியின் படத்தை மேசைமீது வைத்தார். குழந்தையின் கண்கள் மங்கியிருந்தன. காது மட்டும் கம்மலோடு துல்லியமாக விழுந்திருந்தது.

"லென்ஸைக் கீழே போட்டிருக்கிறார்கள்" என்றார்.

"யார்?"

"எனக்கு முன்னால் யாரிடம் இருந்தது? பொற்கொடியிடம்."

பொற்கொடி அங்கேதான் இருந்தாள். கல்யாண வீடுகளில் படமெடுத்துப் பிழைப்பவள். "நான் போடவில்லை சார்."

"கேட்டதும் எப்படி வியர்க்கிறது பாருங்கள். காலமெல்லாம் முகங்களைப் படித்தவன் நான்."

"தூத்துக்குடியில் எல்லோருக்கும்தான் வியர்க்கிறது சார்" என்றார் டீச்சர்.

"பேச்சை மாற்றாதீர்கள். இனி வகுப்பில் அவள் இருந்தால் நான் இல்லை."

பொற்கொடி தன் பொருள்களைப் பையில் அடுக்கத் தொடங்கினாள்.

டீச்சர் தளவாயை ஜன்னலுக்கு அழைத்தார். அவர்களுடைய பழைய வகைக் கேமராக்களில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. அருகிலுள்ள சிறு கண்ணாடித் துளை வழியாகவே பார்க்க வேண்டும். அதில் ஒரு பொருள் இரண்டாகத் தெரியும்; லென்ஸைத் திருகி இரண்டையும் ஒன்றாக்கினால் படம் தெளிவாக விழும்.

"கடைசித் தூரம்வரை திருகுங்கள். அதோ, மாதா கோயில் சிலுவை. ஒன்றாகத் தெரிய வேண்டும்."

தளவாய் அந்த லென்ஸ் மாட்டியிருந்த தம் கேமராவில் பார்த்தார். "இரண்டு! நான் சொன்னேனா இல்லையா?"

டீச்சர் அதே லென்ஸைக் கழற்றித் தம் கேமராவில் பொருத்திக் கொடுத்தார்.

"ஒன்று" என்றார் தளவாய். உடனே நிமிர்ந்தார். "அவளைக் காப்பாற்ற உங்கள் கேமராவில் ஏதாவது செய்து வைத்திருக்கிறீர்களா?"

"அப்படியானால் உங்கள் கேமராவில் உங்கள் லென்ஸையே போட்டுப் பாருங்கள். நான் தொடவில்லை."

அவர் தம் பையிலிருந்து அன்றாடம் பயன்படுத்தும் சிறு லென்ஸை எடுத்து, தாமே பொருத்தி, தாமே திருகினார். நெடுநேரம் பார்த்தார்.

"இரண்டு" என்றார் மெதுவாக. "ஆனால் இதில் எடுத்த படமெல்லாம் இதுவரை தெளிவாகத்தானே வந்தது?"

"அது அகலமாகப் பார்ப்பது. கேமரா சற்று முன்பின் தவறினாலும் தெளிவாகவே காட்டிவிடும். இத்தனை காலம் உங்களைப் பொறுத்துக்கொண்டது. முகம் எடுக்கும் லென்ஸுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது."

தளவாய் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாளைக்கே இதைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிடுகிறேன்."

"கேமரா காத்திருக்கும் சார்" என்றார் டீச்சர். "அவள் செருப்பை மாட்டிவிட்டாள்."