குரங்குப் பிள்ளைகளின் கடலைப் பாத்தி

ஆலங்காட்டின் ஓரத்தில் விலங்குகள் சேர்ந்து ஒரு பண்ணை நடத்தின. எருமை உழும், ஆடுகள் எரு போடும், கோழிகள் பூச்சி பொறுக்கும். மேற்பார்வை பார்ப்பது அலங்காரம் என்ற வான்கோழி. அந்த வேலையை அதற்கு யாரும் கொடுக்கவில்லை. அதுவாகவே எடுத்துக்கொண்டது.

பண்ணைக்கு இருந்த ஒரே தலைவலி காட்டுக் குரங்குகள். நிலக்கடலை காய் பிடிக்கத் தொடங்கியதும் கூட்டமாக வந்து இறங்கிவிடும். ஒரு செடியைப் பிடுங்கிப் பார்க்கும். பிஞ்சாக இருந்தால் தூக்கி எறிந்துவிட்டு அடுத்த செடியைப் பிடுங்கும். தின்றது கொஞ்சம், பாழாக்கியது வயல் முழுக்க. போன வருடம் கோழிகளுக்குக் கடலையும் இல்லை, கரியாள் என்ற எருமைக்குத் தின்னக் கடலைக்கொடியும் இல்லை.

“இந்த வருசமும் போச்சுன்னா நான் கிளம்பிடுவேன். காஞ்ச வயித்தோட எவ்வளவுதான் ஏர் இழுக்கிறது?” என்றது கரியாள்.

எருமை போனால் உழவு போச்சு, உழவு போனால் பண்ணையே போச்சு. அலங்காரம் அன்று இரை பொறுக்குவதை விட்டுவிட்டு உட்கார்ந்தது. யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தது.

“பெரியவங்ககிட்டப் பேசிப் பிரயோசனம் இல்ல. குரங்குக் குட்டிங்களை இங்க வரவழைப்போம். அதுங்களே விதைக்கட்டும், தண்ணி ஊத்தட்டும், மண்ணுல புரளட்டும். ஒரு கடலை எப்படி வருதுன்னு தெரிஞ்சா அப்புறம் பிடுங்குமா?”

குரங்குத் தலைவனின் பெயர் கிளைமுறிச்சான். அலங்காரம் காட்டுக்குப் போய்ச் சொன்னதை அது ஒரு கிளையில் தொங்கிக்கொண்டே முழுவதும் கேட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

“எங்க பிள்ளைங்க செடி வளர்க்கப் போகுதுங்களா? சரிதான் வான்கோழியாரே, கூட்டிட்டுப் போங்க. வயல் பூத்துக் காய் பிடிக்கிற சமயத்துல நாங்க வந்து பார்ப்போம். எங்க குட்டிங்க வச்ச செடி நின்னா, உங்க வயல்ல நாங்க கால் வைக்க மாட்டோம். நிக்கலைன்னா வழக்கம்போல எங்க விருந்துதான்.”

அலங்காரம் ஒப்புக்கொண்டது. வேறு என்ன செய்யும்?

மறுநாளே குட்டிகள் வந்து சேர்ந்தன. அலங்காரம் வண்டியின் நுகத்தடி மேல் ஏறி நின்று, தொங்குதாடியைச் சரிசெய்துகொண்டு, மண்ணின் பெருமை பற்றிப் பேச ஆரம்பித்தது. தலை நிமிர்ந்து பார்த்தபோது எதிரே ஒரு குட்டியும் இல்லை. எல்லாம் கரியாளின் முதுகில் ஏறிச் சேற்றுக்குட்டையில் சறுக்கிக்கொண்டிருந்தன. கரியாள் கண்ணை மூடிச் சுகமாகக் கிடந்தது. அலங்காரம் சொற்பொழிவை அத்தோடு விட்டுவிட்டது. நல்லவேளை, இல்லையென்றால் இந்தக் கதையே முடிந்திருக்காது.

ஆளுக்கு ஒரு சின்னப் பாத்தி கிடைத்தது. ஆளுக்குக் கொஞ்சம் விதைக்கடலையும் கிடைத்தது. நடச் சொன்னால் பாதிக் குட்டிகள் தின்றுவிட்டன. மறுபடி கொடுக்க வேண்டியிருந்தது. சுண்டு என்ற குட்டிப்பெண் மட்டும் வாயில் போட்டு ஒரு கடி கடித்து, அப்புறம் துப்பி நட்டது.

“ஏம்மா கடிச்சே?” என்று பதறியது அலங்காரம்.

“நல்ல விதையான்னு பார்த்தேன், மாமா.”

அதற்கப்புறம்தான் உண்மையான தொல்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் குட்டிகள் ஓடிவந்து, விதை முளைத்ததா என்று தோண்டிப் பார்க்கும். பார்த்துவிட்டுத் திரும்பப் புதைக்கும். தோண்டாதே என்று அலங்காரம் கத்திக் கத்திக் குரலே போய்விட்டது. தோண்டித் தோண்டிச் செத்த விதைகள் போக, ஏதோ சில முளைத்தன. அவை முளைத்தபின் குட்டிகளின் ஆட்டம் மாறியது. ஆட்டுப் புழுக்கையைக் கையால் அள்ளி வந்து போட்டன. கோழிகள் கிளறிவிடாமல் முறை வைத்துக் காவல் இருந்தன. மஞ்சள் பூ வாடி, அதன் அடியிலிருந்து விழுது போல ஒன்று மண்ணை நோக்கி இறங்கியபோது, எல்லாம் மண்ணில் குப்புறப் படுத்து வேடிக்கை பார்த்தன.

“மாமா, பூ ஏன் மண்ணுக்குள்ள போகுது?” என்று கேட்டது சுண்டு.

அலங்காரத்துக்குத் தெரியவில்லை. “அதுக்கு வெக்கம்,” என்று சொல்லிச் சமாளித்தது.

குரங்குக் கூட்டம் பார்வையிட வரும் நாளும் வந்தது. விடிந்ததும் அலங்காரம் பாத்தியைப் போய்ப் பார்த்தது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று. ஒன்று சாய்ந்திருந்தது, இன்னொன்றில் இலையே பாதிதான். சுண்டுவின் செடி கோணிக்கொண்டு, கீழே விழப்போகிறவன் சுவரைப் பிடிப்பது மாதிரி ஒரு குச்சியைப் பிடித்து நின்றது. பக்கத்தில் பண்ணையின் பெரிய வயலிலோ கடலை புதர் புதராகத் தளதளவென்று இருந்தது.

“இதைக் காட்டினா கிளைமுறிச்சான் சிரிச்சே நம்மளைக் கொன்னுடுவான்,” என்று புலம்பியது அலங்காரம். “கரியா, வா. வயல்லேருந்து நல்ல செடியாப் பிடுங்கி இங்க நட்டுடலாம்.”

“பிள்ளைங்க கேட்டா?”

“கடலைச் செடி எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு. அதுங்களுக்கு என்ன தெரியப்போகுது?”

கரியாளுக்கு மனமில்லை. ஆனாலும் பட்டினி பயம் அதற்கும் இருந்தது. இரண்டும் வாயால் கவ்விக் கவ்வி வயல் செடிகளைக் கொண்டுவந்து நட்டன. குட்டிகளின் நோஞ்சான் செடிகளைப் பிடுங்கி எருக்குழியில் போட்டன.

குரங்குக் கூட்டம் வந்தது. பாத்தியைப் பார்த்து அசந்து நின்றது. “நம்ம பிள்ளைங்களா வளர்த்தது!” என்று தாய்க்குரங்குகள் வாயில் கைவைத்தன. கிளைமுறிச்சானே குனிந்து பார்த்தது. அலங்காரம் தோகையை விசிறியாக விரித்து ஒரு சுற்று நடந்தது.

அப்போது குட்டிகள் ஓடிவந்தன. சுண்டு தன் இடத்துக்குப் போய் அப்படியே நின்றுவிட்டது.

“இது என் செடி இல்ல.”

“என்னுதும் இல்ல. என் செடில மூணாவது இலையைப் பூச்சி அரிச்சிருக்கும்,” என்றது இன்னொரு குட்டி.

“என் செடி எங்க?” என்று மூன்றாவது குட்டி அழவே ஆரம்பித்துவிட்டது.

அலங்காரம் தோகையை மெல்ல மடக்கியது. மேலே வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது. வேர் அறுந்த வயல் செடிகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தொங்கப்போட்டன. கிளைமுறிச்சான் ஒன்றை இரண்டு விரலால் தூக்கியது. கையோடு வந்துவிட்டது.

“வான்கோழியாரே, இதுக்குப் பேர்தான் வளர்த்ததா?” என்று அது சிரித்தது. “வாங்கடா, விருந்துக்குப் போகலாம்.” கூட்டம் வயலைப் பார்த்துத் திரும்பியது.

அலங்காரத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. பண்ணை போகப்போகிறது என்பதைவிட, அந்தக் குட்டியின் அழுகைதான் அதைக் குத்தியது. அது சுண்டுவின் முன்னால் போய்த் தலைகுனிந்து நின்றது. “நான்தான்மா பிடுங்கிப் போட்டேன். எருக்குழியில கிடக்கு. அசிங்கமா இருக்குன்னு நெனச்சேன். என் புத்தி அப்படிப் போயிடுச்சு.”

சுண்டு எருக்குழிக்குப் பாய்ந்தது. பின்னாலேயே எல்லாக் குட்டிகளும் பாய்ந்தன. வாடிக் கிடந்த செடிகளை ஒவ்வொன்றும் தன்னுடையது எது என்று பார்த்தவுடன் கண்டுபிடித்து எடுத்தது. மண்ணில் குழி பறித்து நட்டன. வாய் நிறையத் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றின.

கிளைமுறிச்சான் அதைத் திரும்பிப் பார்த்தது. என்னதான் இருக்கிறது இதில் என்று அருகில் வந்தது. பழக்கதோஷம், சுண்டுவின் கோணல் செடியைப் பிடுங்கிப் பார்க்கக் கையை நீட்டியது.

சுண்டு அந்தக் கையைக் கடித்துவிட்டது.

“தொடாதீங்க பெரியப்பா! அடியில பிஞ்சு இருக்கு. இப்பப் பிடுங்கினா உங்களுக்கும் இல்ல, யாருக்கும் இல்ல.”

தலைவனைக் கடிப்பதாவது! கூட்டமே உறைந்து நின்றது. அதற்குள் வயல் வரப்பிலிருந்து ஒரு தாய்க்குரங்கு ஒரு செடியைப் பற்றியது. அதன் குட்டி ஓடிப்போய்க் கையைத் தட்டிவிட்டது. “அம்மா, அது இன்னும் முத்தலை. அது வேற யாரோ தண்ணி ஊத்தின செடி.” மற்றக் குட்டிகளும் வயலுக்குள் ஓடின. ஆளுக்கொரு வரிசையில் கைகளை விரித்து நின்று, பெற்ற தாய் தகப்பனையே முறைத்தன.

கிளைமுறிச்சான் கடிபட்ட விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே யோசித்தது. அப்புறம் அலங்காரத்தைப் பார்த்தது.

“உங்க செடி ஒண்ணுகூட நிக்கல, வான்கோழியாரே. ஆனா எங்க பிள்ளைங்க நிக்குதுங்க. அதுங்களைத் தாண்டிப் போக எனக்குத் தைரியம் இல்ல.”

கூட்டம் காட்டுக்குத் திரும்பியது. திரும்ப நட்டவற்றில் பாதிச் செடிகள் பிழைத்தன. வயல் முற்றியதும் குரங்குகளை அழைத்து, அறுவடையில் ஒரு பங்கைப் பண்ணையே கொடுத்தது. கரியாள் கடலைக்கொடியை மென்றபடி அங்கேயே தங்கிவிட்டது. அடுத்ததாகக் காட்டுப்பன்றிகளும் தங்கள் குட்டிகளை அனுப்பக் கேட்டன. அலங்காரத்துக்கு உள்ளூர நடுக்கம்தான். இருந்தாலும் சரி என்று சொன்னது.

பிள்ளைகள் தங்கள் கையால் வளர்த்தது கோணலாக இருந்தாலும் அதுவே அவர்களைத் திருத்தும். பிறர் மெச்சுவதற்காகப் பெரியவர்கள் நட்டுவைக்கும் பசுமை ஒரு வெயிலுக்குக்கூடத் தாங்காது.