சாம்பிராணிப் பாக்கெட்டில் இருந்தவள்

உடன்குடிப் பக்கம் சேர்மக்கனி என்றொருத்தி சாம்பிராணித் தூள் இடித்து விற்றுவந்தாள். பாக்கெட்டில் தலைவிரிகோலமாய் ஒரு பெண்ணின் முகம் இருக்கும். அந்த முகத்தைச் சொல்லித்தான் ஜனங்கள் கேட்டு வாங்குவார்கள். பெரிய வியாபாரி ஞானசிகாமணி அதே முகத்தைத் தன் பாக்கெட்டிலும் அச்சடித்து, டிரேட்மார்க் கேட்டு மனுப் போட்டார். அது கிடைத்துவிட்டால் அவள் தொழிலை மூடவேண்டியதுதான். அவள் ஆட்சேபம் எழுதிப்போட்டாள்.

விசாரணையில் ஞானசிகாமணி, "இது செத்துப்போன எங்க அத்தை. எங்க குடும்பப் படம்," என்று பிரமாணப் பத்திரத்தை நீட்டினார்.

"உங்ககிட்ட என்னம்மா ஆதாரம்?" என்றார் அதிகாரி.

"ஒண்ணுமில்லைய்யா. அண்ணாச்சி சொந்தம்னு சொன்னதே நிம்மதி," என்றாள் சேர்மக்கனி. "இவ கிணத்துல விழுந்து செத்தவ. வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதுல ஈரச்சேலையோட எங்க அடுப்படியில வந்து நிப்பா. 'எங்க ஆளுக எங்கே'ன்னு கேப்பா. இன்னைக்கு வெள்ளிதான், அண்ணாச்சி. அவகிட்ட உங்க வீட்டுக்கு வழி சொல்லிருதேன்."

அந்நேரம் பார்த்து மின்விசிறி நின்றது. ஞானசிகாமணிக்கு முகம் வெளுத்தது.

"ஐயோ, இவ எங்க வீட்டுப் பொம்பளை இல்ல! இந்தம்மா பாக்கெட்டைப் பாத்துத்தான் அச்சடிச்சோம்!"

அதை அப்படியே எழுதிக்கொண்டு அதிகாரி மனுவைத் தள்ளுபடி செய்தார். வியாபாரி போனபிறகு குரலைத் தாழ்த்தி, "நெசமா யாரும்மா இவ?" என்று கேட்டார்.

"யாருமில்லைய்யா. நானா நெனைச்சு வரைஞ்ச முகம்."

அதிகாரி தலையாட்டினார். ஆனாலும் மேசைமேல் கிடந்த பாக்கெட்டை மெல்லக் கவிழ்த்து வைத்தார்.