நாய்ப்பல் கல்லின் அட்டை

நாச்சியாரிடம் கல் பார்க்கக் கற்றுக்கொண்டவர்களில் வயதில் மூத்தவர் சந்தியாகு. அவருக்கு அறுபத்து மூன்று, நாச்சியாருக்கு நாற்பத்து நான்கு. அவர் டீச்சர் என்பார், நாச்சியார் அண்ணாச்சி என்பார்.

சந்தியாகு முப்பத்தைந்து வருடம் பொய்ப்பல் செய்தவர். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், இவர் பல் செய்து அனுப்புவார். ஒரு டாக்டரின் மேஜையில், காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்த கால்சைட் கல் ஒன்றை ஒருநாள் பார்த்தார். தேன் நிறத்தில், கோரைப்பல் போலக் கூர்மையாக இருந்தது.

"இது யார் செஞ்சது?" என்று கேட்டார்.

"யாரும் செய்யல. பாறைக்குள்ள அதுவா வளந்தது" என்றார் டாக்டர்.

அன்றிரவு சந்தியாகு சாப்பிடவில்லை. "ஊரான் பல்லை முப்பத்தஞ்சு வருசம் பாத்தது போதாதா? இப்ப நாய்ப்பல்லா?" என்று அவர் மனைவி கேட்டாள். சேகரிப்பவர்கள் அந்தக் கல்லை உண்மையிலேயே நாய்ப்பல் என்றுதான் சொல்கிறார்கள் என்று அவருக்கு அப்போது தெரியாது.

மூடிப்போன சுண்ணாம்புக்கல் குவாரியின் பழைய ஆபீஸ்தான் நாச்சியாரின் வீடு. அங்கே இருநூறு கால்சைட் கற்கள் இருந்தன. ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் தபால் கார்டு அளவில் ஓர் அட்டை. எங்கே கிடைத்தது, என்றைக்கு, எடுத்தவர் யார் என்று அதில் எழுதியிருக்கும்.

வந்த முதல் நாள் சந்தியாகு கேட்டார்.

"நல்ல கல்லுன்னா எது டீச்சர்?"

நாச்சியார் அலமாரியிலிருந்து ஒரு கல்லை எடுத்து அவர் முன்னால் வைத்தார். உள்ளங்கை அகலப் பாறை. அதன்மேல் மூன்று பற்கள், தேன் நிறம். நடுப்பல் விரல் நீளம் இருந்தது. நுனியில் வெளிச்சம் தங்கியிருந்தது.

"இதைப் பாத்துக்கிட்டே இருங்க."

"எத்தனை நாளைக்கு?"

"பல்லு செய்ய எத்தனை வருசம் படிச்சீங்க?"

"நாலு."

"அப்ப அவசரம் ஒண்ணுமில்ல."

அந்தக் கல் நாச்சியாரின் குரு அருமைநாயகம் ஐயாவிடம் இருந்தது. ஐயா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. கல் சேகரிப்பவர்கள் எங்கே கூடினாலும் அவர் பேச்சு வரும். ஐயா கையில் ஒரு கல்லும் உடைந்ததில்லை என்பார்கள். கால்சைட்டைப் பற்றி அப்படிச் சொல்வது பெரிய வார்த்தை. செப்புக்காசு பட்டால் கீறும், கொஞ்சம் தட்டினால் சாய்வாகப் பிளந்துவிடும் கல் அது. நாச்சியார் வீட்டில் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவருக்கு அடுப்பில் ஏதாவது வேலை வந்துவிடும்.

ஆறு வருடம் சனிக்கிழமை தவறாமல் சந்தியாகு வந்தார். அந்த ஒரு கல்லைப் பார்த்தார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் நாச்சியார் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் ஊருக்குப் போனார். சாவியை சந்தியாகுவிடம் கொடுத்துவிட்டுப் போனார். நடுப்பகல். வெயிலில் வைத்தால் நடுப்பல் உள்ளே எப்படி எரியும் என்று பார்க்க அவருக்கு ரொம்ப நாளாக ஆசை. ஜன்னலில் வைத்தார். எரிந்தது. ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடிப்பாறையில் தூசி தெரிந்தது. குழாயடியில் காட்டினார்.

சூடான கல்லில் பச்சைத் தண்ணீர் பட்டது. டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நடுப்பல் அடியோடு சாய்வாகக் கழன்று அவர் கையில் கிடந்தது. உடைந்த இடம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. அதில் அவர் முகம் தெரிந்தது.

அன்று சாயங்காலம் பழைய பல் பெட்டியை எடுத்து வந்தார். பல் ஒட்டும் பசையைக் குழைத்தார். பூதக்கண்ணாடி வைத்து விடியும்வரை வேலை பார்த்தார். ஒட்டிய இடம் அவர் கண்ணுக்கே தெரியவில்லை. அவர் வாழ்நாளில் செய்த நல்ல வேலை அதுதான். அதை யாரிடமும் காட்ட முடியாது.

போன சனிக்கிழமை அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நாச்சியார் சொன்னார்.

"அண்ணாச்சி, இந்த நாய்ப்பல்லை இனிமே நீங்க வச்சுக்கிடுங்க."

சந்தியாகு டம்ளரைக் கீழே வைத்தார்.

"எதுக்கு டீச்சர்?"

"ஐயா சாகுற வரைக்கும் வச்சிருந்தாரு. நான் அப்படி வச்சிருக்க மாட்டேன். உங்களவுக்கு இதைப் பாத்தவங்க யாருமில்ல."

"எனக்கு எதுக்கு. நான் பல்லு செய்யறவன்."

"நான் குவாரி லேப்ல கல்லைப் பொடி பண்ணிக்கிட்டு இருந்தவ. அதனால என்ன?"

சந்தியாகு கல்லைப் பார்த்தார். வாங்கினால் அந்தப் பொய்யோடு ஒரே வீட்டில் படுக்க வேண்டும். சொன்னால் இந்த வாசல் இன்றோடு முடிந்தது. சனிக்கிழமை போக அவருக்கு வேறு இடமும் இல்லை.

"எடுத்துட்டுப் போறதுக்கு முன்னால ஒண்ணு" என்றார் நாச்சியார். "இந்தக் கல்லுல உங்களுக்குத் தெரிஞ்ச குறை ஏதாவது இருக்கா?"

"ஒரு குறையும் இல்ல டீச்சர்."

"சரி."

பிறகு சந்தியாகுவே கேட்டார். தரையைப் பார்த்துக் கேட்டார்.

"பொதுவா கேக்கேன். ஒரு கல்லு உடைஞ்சு, அதை ஒட்டி வச்சா, அது நல்ல கல்லா டீச்சர்?"

நாச்சியார் எழுந்தார். கல்லைத் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டார். அட்டையையும் எடுத்துக்கொண்டார்.

"வாங்க" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் குவாரிக்காரர்கள் வெடிமருந்து வைத்திருந்த அறை இருக்கிறது. மருந்து போய்ப் பல வருடம் ஆகிறது. ஜன்னல் கிடையாது. பகல் பதினோரு மணிக்கும் உள்ளே கும்மிருட்டு. நாச்சியார் கதவைச் சாத்தினார். கடைக்காரர்கள் கள்ள நோட்டு பார்ப்பார்களே, அந்த மாதிரி ஒரு டார்ச்சை எடுத்து அழுத்தினார்.

கல் சிவந்தது. அணையப்போகும் கங்கு போல மங்கலான சிவப்பு. ஆறு வருடம் பார்த்த கல்லை சந்தியாகு முதல்தடவை பார்ப்பதுபோலப் பார்த்தார்.

நடுப்பல்லின் அடியில் ஒரு கோடு எரிந்தது. நீல வெள்ளை. பல் ஒட்டும் பசை இந்த வெளிச்சத்தில் பல்லைப்போலவே மின்ன வேண்டும் என்றுதான் தயாரிக்கிறார்கள். இது அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த விடியற்காலையில் நினைவுக்கு வரவில்லை.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் மற்றவை தெரிந்தன. பாறையின் குறுக்கே மஞ்சளாக ஒரு கோடு. இடது பல்லில் பால் நிறத்தில் ஒரு கோடு. நடுப்பல்லின் நுனிக்குக் கொஞ்சம் கீழே, மயிரிழை போல, வெளிறிய நீலத்தில் இன்னொரு கோடு.

நாலு.

"டீச்சர்" என்றார். "நான் ஒண்ணுதான் உடைச்சேன். சத்தியமா ஒண்ணுதான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

"தெரியும்" என்றார் நாச்சியார். "கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து கதவைத் திறந்தேன். பல் ஆஸ்பத்திரி வாடை அடிச்சுது."

"மூணு மாசமாத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பவே ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன்."

"தெரிஞ்சும் எங்கிட்ட குடுக்க வந்தீங்களே."

"உடைக்காதவருன்னு நெனச்சுக் குடுக்கல அண்ணாச்சி."

இருட்டில் டார்ச் மட்டும் நகர்ந்தது.

"மஞ்சளா இருக்கே, அது அரக்கு. மாசானம்னு இந்தக் குவாரியில துளை போடுற ஆளு. அவர்தான் பாறையிலேருந்து எடுத்தாரு. எடுக்கும்போது பாறை ரெண்டாப் போச்சு. இடது பல்லு நான் உடைச்சது. ஐயா போயி ஒரு வாரம். அலமாரியை மாத்தும்போது கை தவறிட்டு."

"இந்த நுனியில இருக்கறது?"

நாச்சியார் டார்ச்சை அந்தக் கோட்டுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

சந்தியாகு குனிந்தார். அந்தப் பல்லை ஒரு ராத்திரி முழுக்கக் கையில் வைத்திருந்தவர் அவர். பூதக்கண்ணாடியில் பார்த்திருக்கிறார். இது கண்ணில் படவே இல்லை.

"யாரு டீச்சர் இது? என் கையைவிட நல்ல கையா இருக்கே."

நாச்சியார் கதவைத் திறந்தார். வெயில் கண்ணில் குத்தியது. தட்டைப் படியில் வைத்து, அட்டையை அவரிடம் நீட்டினார்.

அந்த அட்டையை அவர் நூறு தடவை படித்திருக்கிறார். நாய்ப்பல் கால்சைட். பெரிய பள்ளம், வடக்குச் சுவர். எடுத்தவர் மாசானம்.

"பின்னால பாருங்க."

அட்டைக்குப் பின்பக்கம் உண்டு என்றே அவர் நினைத்ததில்லை. திருப்பினார்.

யார் கை, என்றைக்கு, என்ன பசை. மேலே வளைந்து வளைந்து ஒரு கையெழுத்து: மாசானம் கை. எடுத்த அன்றைக்கே. அரக்கு.

கீழே நாச்சியாரின் கையெழுத்து: நாச்சியார் கை. ஐயாவின் எட்டாம் நாள். எபாக்சி.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வரி இடம் காலியாக இருந்தது.

நாச்சியார் பேனாவைத் திறந்து கொடுத்தார். சந்தியாகு படியில் உட்கார்ந்தார். அட்டையை முழங்காலில் வைத்துக்கொண்டார். காலியாக இருந்த வரியில் பேனாவை வைத்தார்.

நாச்சியார் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அங்க வேண்டாம் அண்ணாச்சி. எனக்குக் கீழ எழுதுங்க. அது ஐயாவுக்கு விட்டது."

சந்தியாகு நிமிர்ந்து பார்த்தார். பேனா மூடி நாச்சியார் கையிலிருந்து நழுவிப் படியில் விழுந்தது. இருவரும் எடுக்கவில்லை.

"ஐயாவா?"

"என் பல்லை ஒட்டிட்டு டார்ச் அடிச்சுப் பாத்தேன். அப்பத்தான் தெரிஞ்சுது. மாசானத்துக்கும் எனக்கும் நடுவுல அது அவர் கையிலதான் இருந்துச்சு."

"ஐயா கையில ஒரு கல்லும்..." என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்தினார். "அவர் போயி ஒம்பது வருசம் ஆச்சே டீச்சர். இனி யாரு வந்து எழுத?" என்றார்.

"பதினாலு வருசம் அவர்கிட்ட இருந்தேன் அண்ணாச்சி. அவர் சொன்னதுல பாதிக்குமேல மறந்துபோச்சு. அவர் எழுதாம விட்ட இந்த ஒரு வரியைத்தான் தினமும் வாசிக்கேன்."