குளிர்நிலா யாருடைய பெயர்?

ராஜா காலையில் நினைத்தது மாலைக்குள் சட்டமாகிவிடும் நாடு ஒன்று முன்பு இருந்தது. அந்த ராஜாவுக்கு ஒருநாள் திடீரென்று ஓர் ஆசை வந்தது.

"நம் அங்காடியில் விற்கும் எல்லாவற்றுக்கும் பெயரும் முத்திரையும் வேண்டும். எந்தப் பெயரை யார் முதலில் பதிகிறாரோ, அந்தப் பெயரும் அதைத் தேடி வருவதெல்லாமும் அவருக்கே!" என்றார். அரண்மனை வாசலில் ஏட்டைத் திறந்துவைத்து ஓர் எழுத்தரையும் உட்கார வைத்தார். முரசறைந்து ஊருக்குச் சொல்லும் பொறுப்பு அங்காடி அதிகாரி திரிலோகநாதருடையது. அவர் கொல்லர் தெருவை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டார்.

அந்தத் தெருவில்தான் கோமளவல்லி இருந்தாள். உலைத் தீயில் புருஷனின் கை வெந்தபோது அவள் காய்ச்சிய களிம்பு, பதினோரு வருஷமாக ஊரின் தீப்புண்களையெல்லாம் ஆற்றி வந்தது. அதற்குக் குளிர்நிலா என்று பெயர் வைத்து, மண்சிமிழில் பிறைநிலா முத்திரையும் இட்டிருந்தாள்.

செய்தி தெரிந்து அவள் ஓடி வந்தபோது ஏட்டில் அந்தப் பெயர் இருந்தது. எதிரே திரிலோகநாதரின் கையெழுத்தும் இருந்தது. அன்றே அவள் கடைப் பலகையைப் பிடுங்கிப்போய்ப் பெரிய கடைத்தெருவில் மாட்டினார்கள். குளிர்நிலா கடை எங்கே என்று கேட்டவர்களையெல்லாம் காவலர்கள் அங்கே திருப்பிவிட்டார்கள். அங்கே சிமிழில் இருந்தது ஆமணக்கெண்ணெயில் குழைத்த சுண்ணாம்பு.

நாலே நாளில் ஒருத்தி தன் மகளை இழுத்துக்கொண்டு கோமளவல்லியின் வாசலில் வந்து நின்றாள். "பாருடி! உன் களிம்பு போட்டுத்தான் எம்புள்ள கை இப்படிக் கொப்புளிச்சுக் கெடக்கு. நீயெல்லாம் மனுஷியா?"

கோமளவல்லி நேராக அரசவைக்குப் போனாள். "சாமி, பேரைத் திருடினதோட விட்டாங்களா? என் பேரைச் சொல்லிச் சின்னப் புள்ளைங்க கையை வேக வைக்கிறாங்க! கேக்க ஆளில்லையா?"

"சட்டப்படி முதலில் பதிந்தவன் அடியேன்தான், அரசே" என்றார் திரிலோகநாதர், பணிவாக.

ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நாம் சொன்ன சொல்லை நாமே மாற்றுவதற்கில்லை."

அவரைச் சிரிக்க வைப்பதையே வேலையாகக் கொண்ட விதூஷகன் சாத்தப்பனுக்கு அன்று சிரிப்பே வரவில்லை. "அரசே, இது அநியாயம்!" என்று எழுந்து நின்றான்.

"அப்படியா? சட்டத்தில் ஓர் எழுத்தையும் அழிக்காமல் அந்தப் பெயரை மீட்டுக் காட்டு. மூன்று நாள் தருகிறோம். முடியாவிட்டால் நாட்டை விட்டே போய்விடு!"

திரிலோகநாதர் மீசையைத் தடவிக்கொண்டார். சாத்தப்பன் எழுத்தரிடம் போய் ஒரே ஒரு பெயரைப் பதிந்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

மூன்றாம் நாள் ராஜாவின் பிறந்தநாள். பட்டும் பரிசும் வழங்குவதற்காக ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தார்கள். "திரிலோகநாதர் வருக!" என்றதும் சாத்தப்பன் விறுவிறுவென்று போய்ப் பட்டைத் தோளில் போட்டுக்கொண்டான். அதோடு நிற்காமல் அதிகாரியின் ஆசனத்திலும் போய் அமர்ந்தான்.

"எழுந்திரு! அது என் ஆசனம்!" என்று அதிகாரி கத்தினார்.

"தாங்கள் யாரோ?"

"நான் திரிலோக..."

"நிறுத்தும்! அந்தப் பெயர் என்னுடையது. ஏட்டைப் பார்க்கலாம். அதைத் தேடி வருவதெல்லாமும் எனக்கே."

"அரசே! பிறந்தது முதல் என்னை அப்படித்தானே அழைக்கிறார்கள்? ஊருக்கே தெரியுமே! பதியவில்லை என்பதற்காக என் பெயர் என்னுடையதல்ல என்றாகிவிடுமா?"

சபை முழுதும் அதிகாரியைத் திரும்பிப் பார்த்தது. அவர் என்ன சொல்லிவிட்டார் என்பது அவருக்கே அப்போதுதான் புரிந்தது.

"கேட்டீர்களா, அரசே?" என்றான் சாத்தப்பன். "பெயர் உழைத்து வளர்த்தவருக்கா, முதலில் எழுதியவருக்கா? இவரே தீர்ப்புச் சொல்லட்டும். எழுதியவருக்கென்றால் நான் இந்த ஆசனத்திலேயே இருந்துகொள்கிறேன். வளர்த்தவருக்கென்றால் குளிர்நிலாவை இவரே விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டிலும் சட்டத்தில் ஓர் எழுத்தும் அழியாது."

"கொடுத்துவிடுகிறேன்! கொடுத்துவிடுகிறேன்!" என்று அலறினார் அதிகாரி.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பனுக்குப் போட்டார். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

"கை வெந்த பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள், அரசே."

ராஜாவின் சிரிப்பு நின்றது. "ஒரு பெயரைப் பதியுமுன், அதை ஏற்கெனவே ஆள்பவர் உண்டா என்று தெருத்தெருவாக விசாரிக்க வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள். அதிகாரியைக் கொல்லர் தெருவுக்கு அழைத்துப் போங்கள். நடந்ததைத் தன் வாயாலேயே சொல்லட்டும்."

மாலையில் திரிலோகநாதர் தெருமுனையில் தலைகுனிந்து நின்று, "பிள்ளைகள் கையை வேக வைத்த அந்தக் களிம்பு... என்னுடையது" என்று முனகினார்.

கோமளவல்லி அந்தச் சிறுமியின் கையில் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: "சத்தமாச் சொல்லுங்க. கடைசி வீட்டுக்கும் கேக்கணும்."